கழிவு இரண்டு கிலோ

போடிமெட்டுச் சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால்,
சின்னக்கானலில்,
தேயிலைக்கு மேலே கம்பி கட்டியிருக்கிறார்கள்.
ஒரு தடவை போக எழுநூறு ரூபாய்.

கோதமங்கலத்திலிருந்து பதினொரு பேர் வந்தோம்,
இரண்டாம் ஆண்டு சிவில், ஒரு டெம்போ டிராவலர்.
வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி
ஜித்தின் படம் எடுத்தான்.
"என்ன பச்சை, என்ன பச்சை" என்றாள்
தான்சானியாவிலிருந்து வந்த நீமா.
நான் பார்த்தது கவாத்து பிந்திய மலை.
முற்றவிட்ட கொழுந்து.
இங்கே ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கேட்பார்கள்?
போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

படிவத்தில் நாடு என்று ஒரு கட்டம்.
ஷைஜு சேட்டன் நிமிர்ந்தார்.
"தமிழ் பேசறீங்க. தேனியா, கம்பமா?"
"நோர்வூட்."
"அது எவிடெ?"
"இலங்கை. மலைநாடு."
"இதும் மலைநாடுதன்னே" என்று சிரித்துக்கொண்டே
வெளிநாட்டவர் கட்டத்தில் டிக் போட்டார்.
பாஸ்போர்ட் நகல் கேட்டார்.
இருந்தது. எப்போதும் இருக்கும்.

அப்புறம் தராசு.
தரையில் ஒரு இரும்புத் தட்டு, சிவப்பில் எரியும் எண்கள்.
ரின்ஷா செருப்பைக் கழற்றிவிட்டு
இன்னொரு முறை ஏறினாள்.
எனக்கு நாற்பத்து மூன்று.
அவர் எழுதப் போகும்போது
என் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது:
"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிக்கலையா?"

யாருக்கும் விளங்கவில்லை.
எனக்கே விளங்கக் கொஞ்ச நேரமானது.
எங்கள் தோட்டத்தில் தராசு என்றால்
முக்காலி, கொக்கி, வரிசை.
சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு,
கணக்கப்பிள்ளைக்கு அன்று வயிற்றுவலி என்றால்
அதற்கும் கொஞ்சம்.
பதினெட்டில் ஒன்று குறைந்தால்
அம்மாவுக்கு அரைப்பேர்.
பவளக்கொடி என்ற பெயரில் பாதி எது என்று
சின்ன வயதில் நானும் தம்பியும் சண்டை போட்டிருக்கிறோம்.

இடுப்பில் வாரை இறுக்கினார்கள்,
படங்கு கட்டும் அதே இடத்தில்.
"பேடிக்கண்ட" என்று முதுகில் ஒரு தள்ளு.

கத்தினேன். மறைக்க மாட்டேன்.
அடிவயிறு மேலே ஏறித் தொண்டையில் உட்கார்ந்தது.
மேல்மலையிலிருந்து ஸ்டோருக்குக் கம்பியில்
கொழுந்துச் சாக்கு சறுக்கிப் போவதைப் பார்த்து
சாக்காகவே பிறந்திருக்கலாம்,
பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டாம்
என்று பேசிக்கொண்டவர்கள்தான் நாங்கள்.
தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது
வேகம் குறைந்தது.
இன்னும் குறைந்தது.
நின்றேவிட்டது.

நடுக்கம்பி. எதிர்க்காற்று.
எடை போதவில்லையாம்.

ஒரு பக்கம் ஹெல்மெட் கூட்டம் கை ஆட்டுகிறது.
மறுபக்கம் மலை அறுந்து விழுந்த இடத்தில்
போடிச் சமவெளி, வெயிலில் வெளுத்த வேட்டியாக.
நேர் கீழே, என் ஷூவுக்குக் கீழே,
ஏழெட்டுப் பெண்கள் கொழுந்தெடுக்கிறார்கள்.
ஒருத்தி நெற்றியில் கைவைத்து அண்ணாந்தாள்.
"ஏய், இங்க பாருங்கடி, மேல ஒரு கொழுந்து காயுது!"

"முத்தின கொழுந்துக்கா! ஸ்டோருல எடுக்கல!"

அவர்கள் சிரித்த சிரிப்பில்
யாருடைய மட்டக்கம்போ சரிந்து வாதுக்குள் விழுந்தது.
"எந்த டிவிசன் புள்ள நீ?"
"கீழ்ப்பிரிவு!" என்று கத்தினேன்.
எந்தத் தோட்டம், எந்த நாடு என்று
அவர்களும் கேட்கவில்லை,
நானும் சேர்க்கவில்லை.
ஷைஜு சேட்டன் கம்பியில் கை மாற்றிக் கை மாற்றி வந்து
என்னை இழுத்துக்கொண்டு போனார்.

நீமா எடுத்த வீடியோவை அம்மாவுக்கு அனுப்பினேன்.
எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டது.
"காலேஜ் செலவும்மா. சும்மாதான்."
எழுநூறை எங்கள் ரூபாயில் பெருக்கிப் பார்க்கவில்லை.
பெருக்கினேன்.
இறக்கத்தில், ஏழாவது வளைவில், கண்ணை மூடிக்கொண்டு.

அடிமாலி தாண்டியதும் மறுபடி ஒரு குரல் பதிவு.
மூன்று தரம் பார்த்ததாம்.
நான் கத்தியது பற்றி ஒன்றுமில்லை,
தொங்கியது பற்றியும்.
"உன் காலுக்குக் கீழ, இடது பக்கம்,
ஒரு நிரை அப்படியே கிடக்குது பாரு.
நல்ல கொழுந்து.
யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க."